கறுப்புக் கட்டையும் கோணல் கல்லும்: ஆச்சி பதில்கள்

எண்ணெய் காய்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் மெட்டுக் கட்டுகிறேன், படமும் போடுகிறேன் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மாவுருண்டைப் பக்குவம் கேட்டு வருகிற கடிதங்களைவிட அதைக் கேட்டு வந்த கடிதங்கள் அதிகமாகிவிட்டன. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். நான் வித்வானும் இல்லை, ஓவியரும் இல்லை. பள்ளத்தூரில் தேன்குழலும் மனகோலமும் போட்டு டின்னில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிற ஆள். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுத முடியும்.

கேள்வி: அறுபது தாண்டிய வயதில் இந்த ஆசை எப்படி வந்தது, ஆச்சி?
இல்லத்தரசி, தேவகோட்டை

பேரன் சிங்கப்பூருக்குப் படிக்கப் போனபோது பழைய லேப்டாப்பை என் பக்கம் தள்ளி, "அப்பத்தா, பலகாரக் கணக்கை இதுல எழுதுங்க" என்றான். மூன்று நாள் எழுதினேன். நாலாம் நாள் வேறு எதையோ தேடப் போய், அவன் போட்டு வைத்திருந்த எல்எம்எம்எஸ் என்கிற, மெட்டுக் கட்டுகிற இலவச சாப்ட்வேர் திறந்துகொண்டது. திரையில் ஒரு பியானோ கட்டை நட்டுக்குத்தலாக நின்றது. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் மாமனார் காலத்து ஆர்மோனியம் ஒன்று துருத்தி கிழிந்து கிடக்கிறது. அதை நிமிர்த்தி வைத்தது மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளையில் வர்ணம் வரைக்கும் வாய்ப்பாட்டுக் கற்றேன், கல்யாணத்தோடு நின்றுபோயிற்று. முதல் மெட்டு 40 விநாடி. அதற்கு மூன்று மாதம் பிடித்தது. கேட்கச் சகிக்காது. இன்னும் அழிக்கவில்லை.

கேள்வி: எனக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. மனசில் மெட்டு ஓடுகிறது, கீபோர்டில் கை வைத்தால் அபஸ்வரம். எங்கே ஆரம்பிப்பது?
கல்லூரி மாணவி, காரைக்குடி

கறுப்புக் கட்டைகளில் ஆரம்பியுங்கள், தங்கச்சி. வெள்ளைப் பக்கம் ஒரு மாதம் போகவே வேண்டாம்.

கீபோர்டைப் பாருங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். மூன்று சேர்ந்த கூட்டத்தில் இடது ஓரக் கட்டையை ச என்று வைத்துக்கொண்டு, கறுப்பை மட்டும் தொட்டுக்கொண்டு வலப்பக்கம் போங்கள். ச ரி க ப த. அது மோகனம். பாடகர்கள் கணக்கில் அந்த ச நாலரைக் கட்டை. ஐந்தே ஸ்வரம் என்பதால் எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டைக்குத் தாவினாலும் காதைக் கிழிக்காது.

இனி வேடிக்கை. அதே ஐந்து கட்டைகள்தான், ச-வை மட்டும் இடம் மாற்றுங்கள். மூன்று கூட்டத்தின் நடுக் கட்டையை ச என்று பிடித்தால் மத்யமாவதி. அதற்கு அடுத்ததைப் பிடித்தால் இந்தோளம். இரண்டு கூட்டத்தின் இடது கட்டையென்றால் சுத்த சாவேரி, வலது கட்டையென்றால் சுத்த தன்யாசி. ஒரு ஸ்வரமும் கூடவில்லை, குறையவில்லை. பழந்தமிழ் இசையில் இதைப் பண்ணுப்பெயர்த்தல் என்பார்கள். பாட்டு வாத்தியார் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அடியில் ஒரு சுருதியை ஓடவிட்டு, அந்தச் சுருதியை மட்டும் ஒவ்வொரு கட்டையாக மாற்றிப் பார்த்த அன்று ராத்திரி, மனகோலத்துக்கு வைத்திருந்த பாகு அடுப்பில் முறிந்துபோனது. அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் இதை வைத்து "நான் மோகனம் போட்டுவிட்டேன்" என்று பாட்டுத் தெரிந்தவர்களிடம் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள். கட்டைக்குக் கட்டை குதித்தால் அது ஸ்வர வரிசை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதிலும் அசைந்து நிற்பதிலும்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. ஆர்மோனியத்துக்கு அந்தக் கமகம் வராது. அதைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை அந்தப் பெட்டியைத் தள்ளியே வைத்திருந்தது. கம்ப்யூட்டரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, பிட்ச் பெண்ட் என்று பெயர். பெரும்பாலும் மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு அரை ஸ்வரம் வரை இழுக்கலாம். ஸ்வரத்துக்கு அடியில் ஒரு கோடு வரும், அதைச் சுட்டுவிரலால் மேலே வளைத்து மெல்ல இறக்க வேண்டும். முதல் தடவை நான் வளைத்தது நாய் ஊளையிட்ட மாதிரி இருந்தது. பாடி ரெக்கார்ட் செய்து, அந்தக் குரல் எங்கே அசைகிறது என்று பார்த்துப் பார்த்து வளைத்தால் கொஞ்சம் பிடிபடும்.

கேள்வி: ஹெட்போனில் தாளம் கேட்டுக்கொண்டே பாடுகிறேன். சரியாகப் பாடியது போலத்தான் இருக்கிறது. திருப்பிப் போட்டால் எல்லாம் பிந்தி நிற்கிறது. என் தாள ஞானம் அவ்வளவுதானா?
மருந்துக் கடை ஊழியர், கோட்டையூர்

ஹெட்போன் புளூடூத்தா? அப்படியென்றால் உங்கள் மேல் குற்றமில்லை, தம்பி. கம்பியில்லாமல் சத்தம் காதுக்கு வந்து சேர விநாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகும். பிந்தி வந்த தாளத்துக்குச் சரியாகப் பாடினால் பாட்டும் பிந்தித்தான் பதியும். கம்பி வைத்த சாதாரண ஹெட்போன் வாங்கிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் இழுத்தால், சாப்ட்வேரில் பஃபர் என்று ஓர் எண் இருக்கும். 1024 என்று இருந்தால் 256 ஆக்குங்கள். விநாடிக்கு 44,100 சத்தத் துணுக்கு (சாம்பிள்) எடுக்கிற ரெக்கார்டிங்கில் 1024 துணுக்கு என்பது ஏறக்குறைய 23 மில்லி விநாடி, 256 என்றால் 6-க்கும் கீழே. ரொம்பக் குறைத்தால் பழைய கம்ப்யூட்டர் திணறி, கடுகு தாளிக்கிற மாதிரி பட் பட்டென்று சத்தம் போடும். அப்போது ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு பழைய வீடு. எந்த அறையில் பாடினாலும் கிணற்றுக்குள் பாடியது போல எதிரொலி. ஸ்டுடியோவுக்குப் போக வசதியில்லை.
ஓய்வுபெற்ற தபால்காரர், கண்டனூர்

நம் பக்கத்து வீடுகள் கண்ணுக்குக் கட்டினவை, ஐயா. மைக்குக்கு அவை எதிரி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பைக் கண்ணாடி மாதிரித் தேய்த்த சுவர், அடியில் வழுவழு ஆத்தங்குடிக் கல், மேலே உயரமான விட்டம். சத்தத்தை உறிஞ்ச ஒரு துணி கிடையாது. பட்டாலைக் கூடத்தில் நின்று ஒரு கை தட்டினால் அது சுவருக்குச் சுவர் பேசிவிட்டுத்தான் அடங்கும்.

நான் பாடுவது உக்கிராண அறையில். மூன்று பக்கமும் அரிசி மூட்டை, நாலாவது பக்கம் கொடிக் கயிற்றில் இரண்டு சமுக்காளத்தை மடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கும். நேரே வைத்தால் ப வருகிற இடமெல்லாம் குண்டு வெடிக்கும். பூச்சி மருந்து வாசனை வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். குரல் பஞ்சு மாதிரி, ஒரு முழக்கமும் இல்லாமல் பதியும்.

அப்புறம் அதுவும் பிடிக்காமல் போனது. பிணம் மாதிரி இருக்கிறது பாட்டு! விரட்டின எதிரொலியே வேண்டியிருந்தது. பேரனிடம் சொன்னேன். "அப்பத்தா, பட்டாலையில ஒரு பலூனை உடைச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க" என்றான். கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். பலூன் வெடிக்கிற சத்தம் ஊசி மாதிரி ஒரே கணத்தில் எல்லா அலைவரிசையையும் கிளப்பிவிடும், அதற்கு அந்த அறை என்ன பதில் சொல்கிறதோ அதைப் பதிந்துகொண்டால் போதும், கன்வல்யூஷன் ரிவெர்ப் என்கிற கருவி அந்தப் பதிலை எந்தக் குரலுக்கும் போர்த்திவிடும் என்றான்.

முதல் பலூனை மைக்குக்குப் பக்கத்திலேயே உடைத்தேன். சத்தம் அளவு மீறி, திரையில் கோடு மொட்டையாக வெட்டுப்பட்டது. மாவு பிசைந்துகொண்டிருந்த பெண் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டாவதை எதிர்ச்சுவர்ப் பக்கம் நின்று, அளவைப் பாதியாக்கி உடைத்தேன். வெடித்த இடத்திலிருந்து அடங்குகிற இடம் வரை சுமார் இரண்டு விநாடி வெட்டி எடுத்து, உக்கிராண அறையில் பாடின தாலாட்டுக்குப் போர்த்தி அனுப்பினேன். அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை, போன் பண்ணினான். "நம்ம வீடு" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

நீங்களும் உடையுங்கள், ஐயா. பக்கத்து வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தாளத்தையெல்லாம் கட்டத்துக்குள் சரியாக வைத்துத்தான் போடுகிறேன். கேட்கிறவர்கள் "மெஷின் மாதிரி இருக்கு" என்கிறார்கள்.
ஐடிஐ மாணவர், புதுவயல்

கட்டத்துக்குள் சரியாக வைப்பதுதான் வினை. அதிரசத்துக்கு மட்டும் இன்னும் உரலில் மாவு இடிக்கிறோம், மில் மாவு எனக்குச் சரிவருவதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அதை எட்டு விநாடி ரெக்கார்ட் செய்து தாளமாக்கலாம் என்று வெட்டிப் போட்டேன். கம்ப்யூட்டரில் குவான்டைஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. முன்னே பின்னே விழுந்த அடிகளை அதுவே இழுத்து வரிசையில் நிறுத்திவிடும். அமுக்கினேன். அரைவை மில் மோட்டார் மாதிரி ஓடியது.

அவிழ்த்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருத்தி போடுகிற உலக்கை ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது. ஏன் என்று மறுநாள் நின்று கவனித்தேன். உலக்கை மேலே போகும்போது நழுவுகிற வளையலை முழங்கைப் பக்கம் ஒரு உதறு உதறிவிட்டுத்தான் இறக்குகிறாள். அந்த உதறலைத்தான் நான் அழித்திருக்கிறேன்.

எல்லா அடியையும் கலைக்கவும் வேண்டாம். சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்குகிற இடத்தில், விழுகிற அடியை வரிசையிலேயே விடுங்கள். நடுவில் வருகிறவற்றில் ஒரே இடத்தில் வருகிற அடியை மட்டும், ஒவ்வொரு சுற்றிலும், கொஞ்சம் தள்ளுங்கள். கண்டபடி தள்ளினால் தாளம் தெரியாதவன் வாசிப்பு. ஒரே இடத்தில் தள்ளினால் நடை. அழுத்தத்தையும் பாருங்கள். வெலாசிட்டி என்று 127 வரைக்கும் போகும். எல்லா அடிக்கும் 100 கொடுத்திருப்பீர்கள், அதை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் வடிவத்தை டிஜிட்டலில் வரைய ஆசை. கிரிட்டா என்கிற, படம் வரைகிற சாப்ட்வேர் போட்டிருக்கிறேன். வரைந்தால் பாத்ரூம் டைல்ஸ் கம்பெனி கேட்லாக் போல இருக்கிறது.
தையல் வேலை செய்யும் வாசகி, கானாடுகாத்தான்

எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆத்தங்குடிக்கு ஒரு நடை போய், கல் வார்க்கிற இடத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடியில் கண்ணாடி, மேலே சட்டம். அதற்குள் பூ வடிவ உலோக அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினதும் நிறத்தோடு நிறம் ஒட்டி நிற்கும். மேலே மணலும் சிமெண்டும் உலர்வாகத் தூவி, பிறகு கலவை போட்டு மட்டம் செய்து, காயவிட்டு, தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது. கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும். வரைகிறவர் கடைசியில்தான் முகத்தைப் பார்க்கிறார். பின்னால் போய்த் திருத்த வழியே இல்லை.

அச்சைத் தூக்குகிற அந்த நொடியில் சிவப்பு மஞ்சளுக்குள் ஒரு இம்மி கசியும். உங்கள் படத்தில் இல்லாதது அதுதான் என்று நினைக்கிறேன்.

வேலை முறையைச் சொல்கிறேன். முழுப் பூவை வரையாதீர்கள், கால் பூ போதும். பல கற்களில் கால் வட்டம்தான் இருக்கும், நாலு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால் பூ முழுசாகும். கிரிட்டாவில் டபிள்யூ எழுத்தை அமுக்கினால் படம் நாலாபக்கமும் தானே தொடர்ந்து காட்டும், ஓரம் ஒட்டுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கால் பூவை நாலு தரம் நகல் எடுத்துத் திருப்புங்கள். அப்புறம் நாலையும் தனித்தனி லேயரில் வைத்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் கையால் கொஞ்சம் கசியவிடுங்கள். ஒரே கசிவை நகல் எடுக்கக் கூடாது, கண் கண்டுபிடித்துவிடும். திருப்புவதே போதும் என்கிறவர்களுக்கு இங்க்ஸ்கேப் என்கிற இன்னொரு வரைகிற சாப்ட்வேரில் அடுக்குகிற வசதி உண்டு, தரையை நிரப்பக் கணக்கில் இருக்கிற 17 விதச் சமச்சீரும் அதில் இருக்கும்.

எங்கள் முகப்பில் வடகிழக்கு மூலையில் ஒரு கல் மட்டும் கால் திருப்பு தவறிப் பதிந்திருக்கிறது. கொத்தனார் அசந்துபோனாரோ என்னவோ. கல்யாணமாகி வந்த புதிதில் என் கண்ணுக்கு அந்த வீட்டில் தெரிந்தது அந்தக் கல் ஒன்றுதான். நான் போட்ட முதல் உருப்படியான படம் 64 கல் அடுக்கிய ஒரு தரை, அதிலும் ஒரு கல் கோணல்.

கோலத்திலும் ஆசை இருந்தால், இதே அடுக்குகிற புத்தியைக் கோலத்திலிருந்து கம்ப்யூட்டர் கணக்குக்குக் கொண்டுபோனவர்கள் சென்னையிலேயே இருந்தார்கள். கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-லேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் புள்ளி வைக்கிற நமக்கு இது தெரியாமல் போனதுதான் வருத்தம்.

கேள்வி: போனில் வரைந்த படத்தை அழைப்புப் பத்திரிகைக்கு அச்சடிக்கக் கொடுத்தேன். மங்கலாக, புள்ளி புள்ளியாக வந்தது. அச்சகத்துக்காரர் என் படத்தைக் குறை சொல்கிறார்.
புதுமனை புகுவிழா வைக்கும் வாசகர், குன்றக்குடி

அச்சகத்துக்காரர் பக்கம்தான் நான். பலகார டின்னுக்கு நானே லேபிள் வரைந்து, இதே அடி வாங்கினேன். 1080 பிக்சல் அகலப் படம் போனில் ஜம்மென்று இருக்கும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், அதனால் அது 3.6 அங்குலத்துக்குத்தான் தாங்கும். டின்னைச் சுற்ற 9 அங்குலம் வேண்டும் என்றால் வரைய ஆரம்பிக்கும்போதே 2700 பிக்சல் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் தண்ணீர் ஊற்றின சாம்பார்தான். நிறமும் அப்படியே. திரை ஒளியால் காட்டுகிற பளீர்ப் பச்சையை மையால் கொண்டுவர முடியாது. கண்டாங்கிச் சேலையின் அரக்கும் கடுகு மஞ்சளும் அச்சில் அழகாக உட்காரும். எதற்கும் ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள். நான் ஐந்நூறு லேபிள் அடித்துவிட்டுப் பார்த்தேன்.

கேள்வி: கவியரசர் பாட்டு வரிகளுக்குப் புது மெட்டுப் போட்டு வெளியிடலாமா?
ஆசிரியர், திருப்பத்தூர்

வீட்டுக்குள் பாடுங்கள், வெளியிடுவதென்றால் அனுமதி வேண்டும். நம் நாட்டில் எழுதியவர் காலமான பிறகு 60 வருஷம் உரிமை நிற்கும். சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன் 1981-ல் போனார், ஆகவே 2041 முடிகிற வரை பொறுக்க வேண்டும். பாரதியார் வரிகளுக்கு அந்தத் தடை இல்லை. 1919-ல் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்து போனவர், அவரும் நம்மூர் விருந்தாளிதான். அவர் வரியை எடுங்கள். அல்லது உங்கள் வீட்டு ஆயா பாடுகிற தாலாட்டை எடுங்கள். அதில் மாமன் கொண்டுவந்த சீர் வரிசை இருக்கும், கப்பல் ஏறிக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் பண்ண, போன கதை இருக்கும். எழுதியவர் பேர் யாருக்கும் தெரியாது. ஆனால் வேறொருவர் பாடிப் பதிந்த ரெக்கார்டை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், அதற்குத் தனி உரிமை உண்டு.

கேள்வி: ஏஐ-யிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பாட்டு வருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?
பொறியாளர், காரைக்குடி

கேட்டுப் பார்த்தேன். செட்டிநாட்டுத் தாலாட்டு என்று கேட்டேன், புல்லாங்குழலோடு வந்தது. சுருதி சுத்தம், தாளம் சுத்தம். பிள்ளைக்கு அத்தையும் மாமனும் ஒரே வீட்டுப் பிறப்பு மாதிரி வந்துவிட்டார்கள், வரிசை வைக்கிறது யார் என்று தெரியவில்லை. உங்களுக்கு அவசரமாகக் கல்யாண வீடியோவுக்குப் பின்னால் ஏதாவது ஓட வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாட்டு அவசரமில்லை, ராத்திரி ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் நேரம் போக வேண்டும்.

கேள்வி: இதுவரை எத்தனை முடித்திருக்கிறீர்கள்? முதலில் யாருக்குப் போட்டுக் காட்டுவீர்கள்?
பெயர் போட வேண்டாம் என்ற வாசகி, ஆத்தங்குடி

பாட்டு பதினொன்று, படம் முப்பதுக்குக் கொஞ்சம் மேலே. பாதியில் நிற்பதைக் கேட்காதீர்கள். முதலில் கேட்பது தேன்குழல் பிழிகிற பெண்தான். போனைச் சட்டியிலிருந்து தள்ளி ஜன்னல் படியில் சாய்த்து வைத்துவிடுவேன். சின்ன ஸ்பீக்கர், எண்ணெய் கொதிக்கிற இரைச்சல். அதிலும் மெட்டுக் கேட்டால் சரி என்று வைத்துக்கொள்வேன். போன வாரத் தாலாட்டில் என் குரலுக்கு நடுவே ஒரு புறா குமுறிவிட்டது. அதை அழிக்க இரண்டு ராத்திரி போராடித் தோற்றுப்போய் அப்படியே போட்டேன். அவள் கையை நிறுத்தவேயில்லை. பாட்டு முடிந்ததும் ஈடு எடுத்துக்கொண்டே, "ஆச்சி, அந்தப் புறா நல்லாப் பாடியிருக்கு" என்றாள்.